மும்பையில் பங்குச் சமையலறை எடுத்து முறுக்கு, பொடி, மாவு செய்கிறவர்கள் இருக்கிறீர்களா?

செம்பூர் கைமுறுக்கு | 2024 ஆகஸ்ட் 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். செம்பூரில் வீட்டிலிருந்தே கைமுறுக்கு, தட்டை, சீடை, பருப்புப்பொடி செய்து விற்கிறேன். 9 வருடம் ஆகிறது. மாதம் 65 கிலோ போகும், அதில் 35 கிலோ கைமுறுக்கு. கோகுலாஷ்டமிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் ஒரு மாத அளவு போய்விடும். இந்த வருடம் அஷ்டமி ஆகஸ்ட் 26.

போன மாதம் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். எண்ணெய் வாடை, மாடிப்படியில் டெலிவரிப் பையன்கள், லிஃப்டில் மாவு மூட்டை. இப்போது கடிதமும் வந்துவிட்டது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேல் மாடியில் ஆஸ்துமா உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் எண்ணெய்ச் சட்டி வைக்கிற நாளெல்லாம் அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்கே மனசு வரவில்லை.

குர்லாவில் ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் 600 சதுர அடி காலா (தொழிற்கூட அறை) ஒன்றைச் சமையலறையாக்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மணிக்கு 300 ரூபாய், காஸ் தனி, டெபாசிட் 20,000. மாதம் குறைந்தது 40 மணி நேரம் எடுத்தாக வேண்டும். ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள்: பிரியாணி, கேக், ஊறுகாய், டயட் சாப்பாடு.

எனக்கு முறுக்குச் சுற்ற இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். அவர்களை குர்லாவுக்கு அழைத்துப் போவதா, அங்கே மற்றவர்களோடு அடுப்பைப் பகிர்ந்தால் என் சரக்கு என் சரக்காக இருக்குமா, பணம் கட்டுப்படியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி | ஆகஸ்ட் 4, காலை 6.15

அஷ்டமி பட்சணத்தைப் பிரியாணி செய்கிற இடத்தில் செய்வதா? நான் வாங்க மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா, உன்னிடம் வாங்குகிறவர்களில் என்னைப்போல எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு.

காலா 14 | ஆகஸ்ட் 4, பகல் 1.05

அக்கா, நான் இரண்டரை வருடமாக சாக்கிநாக்கா பக்கம் ஒரு பங்குச் சமையலறையில் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் செய்கிறேன். எனக்குத் தெரிந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், மணி எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். கதவைத் திறந்ததும் ஓடும். முந்தையவர் விட்டுப்போன மேசையைத் துடைக்க 20 நிமிடம், கடைசியில் நீங்கள் கழுவிக் கொடுக்க 40 நிமிடம். நான்கு மணி நேரம் எடுத்தால் மூன்று மணி நேரம்தான் சமையல். நான் உள்ளே நுழைந்ததும் மேசை, அடுப்பு, வடிகால், குளிர்பெட்டி நான்கையும் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டுவிடுவேன். வெளியே வரும்போதும் அதேதான். இதை ஆரம்பித்த பிறகு சண்டை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

காஸ். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை அங்கே கொண்டுபோகக் கூடாது. இப்போது மும்பையில் வணிக சிலிண்டர் 1,600 சொச்சம். யார் எவ்வளவு எரித்தார்கள் என்பதில்தான் மனஸ்தாபம் வரும். நாங்கள் மூட்டை எடை போடுகிற தராசில் சிலிண்டரை ஏற்றி, ஆரம்பத்திலும் முடிவிலும் எடை எழுதிவிடுகிறோம். குறைந்த கிலோவுக்கு அவரவர் காசு.

பிறகு பொருட்கள். பூட்டுப் போட்ட ரேக் தருகிறார்களா? திறந்த ரேக்கில் வைத்தால் உங்கள் பெருங்காயம் யார் சாம்பாரிலாவது போயிருக்கும். பூச்சி, எலி மருந்து அடித்த தேதி எழுதிய ஏடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த இடமே வேண்டாம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். முதலில் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு ராத்திரி குளிர்பெட்டி நின்றுபோய்விட்டது. காலையில் என் புளிக்காய்ச்சல் பிழைத்தது, பக்கத்து ரேக்காரரின் 40 கிலோ தோசை மாவு பொங்கித் தரையெல்லாம் ஓடிவிட்டது. யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. முதலாளி மின்சாரத்தைச் சொன்னார், மின்சாரக்காரர் ஒயரிங்கைச் சொன்னார். மாவுக்காரரின் மூன்று நாள் வியாபாரம் போனது போனதுதான். அதனால் குளிர்பெட்டி நின்றால் யார் நஷ்டம் தருவது, காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ், டெபாசிட் எப்போது திரும்பும், இந்த மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவையும் தாண்டி எனக்கு லாபம்தான். த்ரீ-ஃபேஸ் இணைப்பு, பொடி அரைக்கிற பல்வரைசர், பொட்டலம் ஒட்டுகிற பேண்ட் சீலர் எல்லாம் நான் தனியாக வாங்கியிருந்தால் இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருப்பேன்.

பேரேடு | ஆகஸ்ட் 4, இரவு 9.30

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். காகித விஷயம் மட்டும் சொல்கிறேன்.

சமையலறை முதலாளியின் உணவு உரிமம் உங்களுக்குச் செல்லாது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு ஆளுக்கும் உண்டு, முகவரிக்கும் உண்டு. இப்போது உங்கள் செம்பூர் வீட்டு முகவரியில் பதிவு இருந்தாலும், குர்லாவில் செய்தால் குர்லா முகவரியில் வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை சாதாரணப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். 65 கிலோ என்றால் நீங்கள் அந்த வரம்புக்குள் நன்றாகவே இருக்கிறீர்கள். முதலாளியிடம் வாடகை ஒப்பந்தமோ தடையில்லாக் கடிதமோ வாங்கினால்தான் பதிவு கிடைக்கும். அதைத் தரத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை: அவருடைய 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரப் பதிவு. ஐந்து பேருக்கு வாடகைக்கு விடுகிற இடம் 2-இல் தொடங்குகிற எண்ணைக் காட்டினால் மேற்கொண்டு விசாரியுங்கள். மாநகராட்சியின் 394-ஆம் பிரிவு உரிமமும் தீயணைப்புச் சான்றும் அவர் பொறுப்பு. நகல் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று. வாடகையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்பார். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்றால் அது திரும்பி வராது. ஆக 300 என்பது 354. 40 மணி நேரத்துக்கு 14,160. 65 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 218 ரூபாய், காஸ் சேர்க்காமல்.

செம்பூர் கைமுறுக்கு | ஆகஸ்ட் 4, இரவு 10.05

218-ஆ! நான் கைமுறுக்கை 600-க்கு விற்கிறேன். எண்ணெய், மாவு, அக்காக்களின் கூலி போக எனக்கு நிற்பதே அவ்வளவுதான்.

தொண்ணூறடி ரோடு | ஆகஸ்ட் 5, காலை 11.20

தாராவியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இட்லி. ராத்திரி ஒன்றரைக்கு இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறும். ஐந்தரைக்குள் தம்பி சைக்கிளில் அலுமினிய அண்டாவைக் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி மாஹிம், பாந்த்ரா பக்கம் போய்விடுவான்.

பங்குச் சமையலறை என்று புதிதாகப் பேசுகிறீர்கள். எங்கள் சந்தே பங்குச் சமையலறைதான். டில்டிங் கிரைண்டர் வைத்திருப்பவர் ஒருவர், மொத்தச் சந்துக்கும் கிலோ கணக்கில் அரைத்துக் கொடுப்பார். தேங்காய் துருவுவது ஒரு வீடு. இட்லித்துணி வெளுப்பது ஒரு பாட்டி. எதிர்ச் சந்தில் முறுக்கு பிழிகிற பெண்கள், அவர்களுக்கு ஒரே ஒரு பெரிய அடுப்பு, முறை வைத்துப் பொரிப்பார்கள். யாரும் மணிக்கணக்கு போடுவதில்லை. கிலோ கணக்குதான். மெதுவாகச் செய்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. நீங்கள் சொல்கிற காலாவில் கடிகாரம் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அது காசுள்ளவர்களுக்கு.

ஆனால் எங்கள் சந்தும் ரொம்ப நாள் இருக்காது. தாராவி மறுசீரமைப்புக்குக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி ஃபிளாட் என்கிறார்கள். பெரியப்பா தரைத்தளம், நாங்கள் மாடி. எங்களுக்கு எங்கே என்று தெரியாது. பெரியப்பாவுக்கு ஃபிளாட் கிடைத்தாலும், ஏழாவது மாடியில் ராத்திரி ஒன்றரைக்குக் கொப்பரை வைக்க விடுவார்களா? செம்பூர் அக்காவுக்கு வந்த அதே கடிதம் அவருக்கும் வரும். அதனால்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

மாட்டுங்கா மாமி | ஆகஸ்ட் 5, பகல் 12.10

தம்பி, நீ சொன்னது மனதில் தைத்துவிட்டது. நாங்கள் மாட்டுங்காவில் குடிவந்த நாளிலிருந்து உங்கள் இட்லிதான் பல வீட்டில் காலைச் சாப்பாடு. உங்களுக்கு எங்கே என்பதை யாராவது பொறுப்போடு கேட்க வேண்டும்.

காலா 14 | ஆகஸ்ட் 5, பகல் 2.45

தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சந்தில் ஒருவர் சரக்கில் கோளாறு வந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா? என் பொட்டலத்தில் பேட்ச் எண் இருக்கிறது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் ரசப்பொடியில் கல் என்றார். அன்றைய மிளகு எந்த மூட்டை என்று பத்து நிமிடத்தில் தேடி எடுத்து, அந்த மூட்டையில் செய்த 22 பொட்டலத்தையும் திரும்ப வாங்கினேன். மளிகைக் கடை அலமாரியில் ஏற வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது.

தொண்ணூறடி ரோடு | ஆகஸ்ட் 5, மாலை 4.00

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் இட்லி காலை எட்டு மணிக்குள் தீர்ந்துபோகிற பொருள். கெட்டதாக இருந்தால் மறுநாள் அதே தெருவில் தம்பியை நிறுத்திக் கேட்பார்கள். எங்களுக்கு அதுதான் பேட்ச் எண். எனக்குக் கவலை காகிதத்தைப் பற்றி இல்லை. மெதுவான கை வேலைக்கு உங்கள் காலாவில் இடம் இருக்கிறதா என்பதுதான்.

சயான் சமையல் | ஆகஸ்ட் 5, இரவு 8.15

20 வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறவன். தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அதை விட்டு மற்றதெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா, உங்கள் வேலையில் எது மெதுவாகப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு என்பதால் அடுப்புதான் தடை என்று நினைத்திருப்பீர்கள். காலாவில் பெரிய பர்னரும் அகலச் சட்டியும் கிடைத்ததும் அடுப்பு தடையாக இருக்காது. மணிக்கு 7 கிலோ பொரித்துவிடலாம். ஆனால் 5 சுத்து முறுக்கை இரண்டு அக்காக்கள் சுற்றினால் மணிக்கு 3 கிலோ வந்தால் பெரிது. 35 கிலோ சுற்ற 12 மணி நேரம், பொரிக்க 5 மணி நேரம். மீதி 7 மணி நேரம் அடுப்பு சும்மா கிடக்கும், நீங்கள் அதற்கும் 354 கொடுப்பீர்கள். கேக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர் மாவைக் கலக்கி ஓவனில் வைத்துவிடுவார். மணிக்கணக்கு வாடகை என்பதே இயந்திர வேலைக்குப் போட்ட கணக்கு. கையால் சுற்றுகிறவரை அது தண்டிக்கிறது.

அதனால் அடுப்பு நேரத்துக்கு ஒரு விலை, மேசை நேரத்துக்கு ஒரு விலை கேளுங்கள். நீங்கள் மேசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிரியாணிக்காரர் அடுப்பை எடுக்கலாமே, முதலாளிக்கு என்ன நஷ்டம்? முறுக்கு 12, தட்டை, சீடை, பொடிக்கு 10, சுத்தத்துக்கு 4, மொத்தம் 26 மணி நேரம். அதில் 12 மணி அடுப்பு 300 வீதம், 14 மணி மேசை 100 வீதம். 5,000 ரூபாய். வரியோடு 5,900. கிலோவுக்கு 91 ரூபாய் வரும். இதுகூட அதிகம்தான், ஆனால் யோசிக்கக்கூடிய தொகை.

பேரேடு | ஆகஸ்ட் 5, இரவு 8.50

கணக்கு சரி. 40 மணி நேரம் என்ற குறைந்தபட்சத்தையும் பேசிக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரித்த விலையால் பயனில்லை.

கிர்காவ் பெரியவர் | ஆகஸ்ட் 6, காலை 7.40

எனக்கு 74 வயது. இந்த ஊரில் இது புதுக் கேள்வி அல்ல என்று சொல்லவே எழுதுகிறேன்.

1959 மார்ச் 15 அன்று இங்கே கிர்காவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். முதல் வருடம் மழை நான்கு மாதமும் வேலை நின்றது, அப்பளம் காயவில்லை. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் ஸ்டவ். அப்படிக் காய வைத்தார்கள்.

சயான்காரர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. லிஜ்ஜத்தில் எதைப் பொதுவாக வைத்தார்கள்? உளுந்து வாங்குவது, மாவு பிசைவது, எடை, பொட்டலம், விற்பனை. மாவை மையத்தில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். மெதுவான வேலை, குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை வீட்டில். ருசி ஒன்றாக இருக்க வேண்டிய வேலை பொதுவிடத்தில்.

இன்னொன்று என் அப்பா காலத்து விஷயம். அவர் பரேலில் துணி மில் வேலை. தனியாள். ஒரு கானாவள் (வீட்டுச் சாப்பாட்டு மெஸ்) அம்மாவின் ஒற்றை அறையில் மாதக் கணக்கில் சாப்பிட்டார். அந்த அறையில்தான் சமையல், பரிமாறல், அந்த அம்மாவின் பிள்ளைகள் தூக்கம், எல்லாம். அப்படிப்பட்ட பெண்கள் மளிகைக் கடனுக்கு வட்டி கட்டியே ஓய்ந்தார்கள். 1975-இல் பிரேமா புரவ் என்ற சமூகத் தொண்டர் அந்தப் பெண்களை அன்னபூர்ணா மகிளா மண்டலாகச் சேர்த்து வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். 1982 ஜனவரி 18 அன்று மில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் சாப்பிட வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்போது அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் அடுப்பை அணைக்க வேண்டி வந்தது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். உங்கள் காலாக்களில் சாப்பாட்டு டெலிவரி ஆப் ஒன்றை மட்டும் நம்பி அடுப்பு ஏற்றுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருகிறது.

டோம்பிவிலி அடை | ஆகஸ்ட் 6, மாலை 5.30

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அடை மாவு, வடாம் செய்கிறோம். 2020-இல் வந்த பிஎம்எஃப்எம்இ என்ற, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பல்வரைசரும் உலர்த்தும் இயந்திரமும் வாங்கினோம். 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம், நம் கையிலிருந்து 10 சதவீதம் போட வேண்டும். மகாராஷ்டிராவில் வேளாண்மைத் துறைதான் பார்க்கிறது. மானியம் கையில் வராது. மூன்று வருடம் கடனை ஒழுங்காகக் கட்டினால் கடனில் கழிப்பார்கள். எங்களுக்கு வங்கி அலைச்சல் எட்டு மாதம். இப்போது நாங்கள் ஓட்டாத நேரத்தில் பல்வரைசரை அக்கம்பக்கத்தவருக்கு கிலோ கணக்கில் விடுகிறோம். மணிக்கணக்கு வேண்டாம் என்று நாங்களும் அனுபவத்தில்தான் முடிவு செய்தோம்.

செம்பூர் கைமுறுக்கு | ஆகஸ்ட் 10, இரவு 11.10

இன்று குர்லாவில் நான்கு மணி நேரம் சோதனைக்கு எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலை 3 மணிக்குத்தான் நேரம் கிடைத்தது, பிரியாணிக்குப் பிறகு. சட்டி அவர்களுடையது. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் எண்ணெய் ஊற்றினேன். முதல் ஈடு பார்க்க அழகாக வந்தது. வாயில் போட்டால் பூண்டு. லேசாகத்தான், ஆனால் பூண்டு. என் வாடிக்கையாளர்களில் ஜைனக் குடும்பங்கள் 11. அவர்களுக்கு இதைக் கொடுக்கவே முடியாது.

இரண்டாவது, மழை. பொரித்த முறுக்கை ஆற வைத்த மேசைக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட ஓட, வெளியே பெய்கிற மழையின் ஈரக் காற்றெல்லாம் கதவு வழியாக உள்ளே வந்து அந்த மேசை மேல்தான் போகிறது. ஒரு மணி நேரத்தில் முறுக்கு நமுத்துவிட்டது. 4 கிலோவையும் பாதுகாவலருக்கும் அங்கிருந்த பையன்களுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் ரிக்ஷாவில் அக்காக்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கை சுற்றிய முறுக்கு அப்படிப் போனது எனக்குத் தாங்கவில்லை.

சயான் சமையல் | ஆகஸ்ட் 10, இரவு 11.45

இரும்புச் சட்டி எண்ணெயைக் குடிக்கும், கழுவினால் போகாது. சட்டி, கரண்டி, ஜல்லிக்கரண்டி மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும், பெயர் வெட்டி வைத்துப் பூட்டுங்கள். எண்ணெயையும் யாரோடும் பகிராதீர்கள். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. அடுத்தவர் எத்தனை முறை காய்ச்சினார் என்று உங்களுக்குத் தெரியாது.

நேரம் விடியற்காலை எடுங்கள், ராத்திரி முழுச் சுத்தம் செய்த பிறகு வருகிற முதல் முறை.

காலா 14 | ஆகஸ்ட் 11, காலை 9.00

பொரிக்கிற அறையிலேயே ஆற வைக்கக் கூடாது அக்கா. கேக்காரருக்கு ஏசி அறை இருக்கும், கிரீம் உருகாமல் இருக்க. மழைக்காலத்தில் அந்த அறையில் ஒரு மேசை வாடகைக்குக் கேளுங்கள். கை பொறுக்கிற சூடு வந்ததும் டின்னில் போட்டு மூடிவிட்டு, முழுக்க ஆறியபின் சீல் பண்ணுங்கள். ஆனால் கேக்கில் முட்டை, மைதா, முந்திரி இருக்கும். முட்டைக்கு ஆகாத வாடிக்கையாளர் என்றால் அந்த மேசையும் வேண்டாம். அப்புறம் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, கோதுமை இருந்தால் உங்கள் உறையிலும் போடுங்கள். நான் இதை ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

மாட்டுங்கா மாமி | ஆகஸ்ட் 11, காலை 10.20

விடியற்காலை முதல் முறை, உன் சட்டி, உன் எண்ணெய் என்றால் நான் வாங்குவேன். அஷ்டமிக்கு இரண்டு கிலோ எழுதிக்கொள். முட்டை இருக்கிற மேசை மட்டும் வேண்டாம்.

தொண்ணூறடி ரோடு | ஆகஸ்ட் 11, பகல் 1.30

அக்கா, ஈரப்பச்சரிசி மாவு எங்கே அரைக்கிறீர்கள்? கோதுமைச் சக்கியில் ஈர அரிசி போட்டால் கல்லில் ஒட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே. எங்கள் பக்கம் ஈர அரிசி மட்டும் அரைக்கிற மில் இருக்கிறது. முறுக்குக்காரர்களுக்காகவே ஓடுகிறது. மொத்தமாக அரைத்து, சலித்து, வறுத்துக் கொண்டுபோனால் காலாவில் உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அம்மாவிடம் கேட்டேன், எதிர்ச் சந்தில் கை சுற்றுகிற பெண்கள் இரண்டு பேர் வேலை தேடுகிறார்களாம். குர்லா அவர்களுக்குப் பக்கம்.

செம்பூர் கைமுறுக்கு | ஆகஸ்ட் 11, பகல் 2.05

தம்பி, என் அக்காக்களை விடமாட்டேன். ஆனால் அஷ்டமிக்கு நான்கு கை போதாது, எட்டுக் கை வேண்டும். உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். நாளை காலை வரலாமா?

செம்பூர் கைமுறுக்கு | ஆகஸ்ட் 14, இரவு 9.50

குர்லாவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பு மணிக்கு 300, மேசை 120. குறைந்தபட்சம் 25 மணி நேரம், தீபாவளி வரை. விடியற்காலை 4 முதல் 9 வரை, செவ்வாயும் வெள்ளியும். முட்டை விஷயத்தால் கேக் அறையை விட்டுவிட்டேன். ஊறுகாய்க்காரம்மா தன் சேமிப்பு அறையில் ஒரு மேசை போட ஒத்துக்கொண்டார். ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்றைப் பாதிப் பாதிக் காசில் வாங்குகிறோம், மழை முடிந்தால் அவருக்கு மிளகாய் காய வைக்கவும் உதவும். குளிர்பெட்டி எனக்குத் தேவையில்லை என்பதால் அந்த நஷ்ட வரியை நான் கேட்கவில்லை. டயட் சாப்பாட்டுப் பையன் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டான்.

குர்லா முகவரியில் பதிவுக்கு இன்று விண்ணப்பித்தேன். கையில் வருவதற்கு முன்னால் விற்க மாட்டேன், அதனால் அஷ்டமி ஆர்டரில் பாதியைத் திருப்பிவிட்டேன். வருத்தம்தான். வீட்டில் செய்கிற கடைசிச் சரக்கு இந்த அஷ்டமியுடையது. மேல் மாடிப் பெரியவரிடம் போய் இன்னும் ஆறு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். எந்த ஆறு நாள் என்று காலண்டரில் வட்டம் போடச் சொன்னார். அந்த நாட்களில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறாராம்.

தொண்ணூறடி ரோடு தம்பியின் அம்மாவையும் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தேன். ஒருவர் 9 சுத்து சுற்றுகிறார், என் மாமியாருக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. கூலி கிலோ கணக்கில்தான், மணிக்கணக்கு இல்லை.

தொண்ணூறடி ரோடு | ஆகஸ்ட் 14, இரவு 10.30

அக்கா, அந்த முதலாளியிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? ராத்திரி 12 முதல் 4 வரை அந்த இடம் சும்மாதானே கிடக்கும். கொப்பரை இரண்டு வைக்க, ஆவி வெளியே போக வழி இருக்கிறதா? நான்கு குடும்பம் சேர்ந்து எடுத்தால் என்ன விலை சொல்வார்? இப்போதே வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

செம்பூர் கைமுறுக்கு | ஆகஸ்ட் 14, இரவு 10.42

வெள்ளிக்கிழமை மேசை அளவெடுக்கப் போகிறேன், நீயும் வா. அளவு டேப்பும் கொப்பரையின் வாயகலமும் கொண்டு வா. எக்ஸாஸ்ட் குழாய் எங்கே போகிறது என்று இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.